தவழ்ந்ததா, நடந்ததா?

நீலக்கவசனின் காதோரத்தில் ஒரு நரைமுடி தெரிந்த அன்றுதான் பல்செட்டுக்காரரின் நிம்மதி போனது.

நீலக்கவசன் அவருக்குச் சொந்தக்காரன் இல்லை. சினிமாவில் பறக்கிறவன். பல்செட்டுக்காரர் நாற்பத்திரண்டு வயதில், ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகும் சாந்துமாக உட்கார்ந்து, பல் போனவர்களுக்கெல்லாம் பல் செய்து கொடுப்பவர். பாதி ஊர் அவர் கொடுத்த பல்லால்தான் சிரித்தது. நீலக்கவசன் மேல் அவருக்கு இருந்த பைத்தியத்தைப் பார்த்து மீதி ஊர் சொந்தப் பல்லால் சிரித்தது.

முதல் பாகத்தை அவர் பதினோரு தடவை பார்த்திருந்தார். முடிவில் ஊரைக் காப்பாற்றுவதற்காக நீலக்கவசன் வானத்தில் திறந்த ஒரு கதவுக்குள் பாய்வான். வீட்டில் மனைவி அவனுக்குத் தட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இடுப்பில் கைக்குழந்தை. கதவு மூடிவிடும். திரை கறுத்துவிடும். அவ்வளவுதான். இரண்டு வருடமாக அந்தக் கறுப்புத் திரையிலேயே பல்செட்டுக்காரர் குடியிருந்தார்.

இரண்டாம் பாகத்தின் ட்ரெய்லர் வந்த மறுநாள், மாடியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் தேநீர் இடைவேளையில் கீழே இறங்கி வந்தார். அவரும் நீலக்கவசன் ஆள். தொழிலோடு சேர்த்து அவர் பெயரும் எக்ஸ்ரே ஆகிவிட்டிருந்தது.

"அண்ணே, நாப்பத்தோராவது செகண்டுல நிறுத்திப் பாருங்க. காதுக்குப் பக்கத்துல. பெருசாக்கிப் பாருங்க."

பல்செட்டுக்காரர் பார்த்தார். வாயில் வைத்த தேநீர் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"வெளிச்சம் பட்டிருக்கும்," என்றார்.

"இது வெளிச்சம் இல்லண்ணே. நரை. தினம் அம்பது பேர் எலும்பைப் பாக்கிறவன் நான். எது வெள்ளை, எது வெளிச்சம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்படின்னா?"

"காலத் தாவல். குறைஞ்சது பத்து வருஷம் தாண்டித்தான் கதை ஆரம்பிக்குது."

பல்செட்டுக்காரர் கையிலிருந்த மெழுகுத் தாடையைக் கீழே வைத்தார். ஒருவன் கால் தாவலாம், கை தாவலாம், காலம் தாவலாமா? அந்தக் கைக்குழந்தை என்ன ஆகும்? மனைவி என்ன ஆவாள்? முதல் பாகத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் இரண்டு காட்சிகளில் வந்து அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். அந்த இன்ஸ்பெக்டரின் தாகம் பல்செட்டுக்காரருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"பத்து வருஷத்துல ஈறே இறங்கிடும்," என்றார் அவர் மெல்ல. "பழைய செட்டு பொருந்தாது. கழட்டி வெச்சுட்டுப் போய், திரும்பி வந்து மாட்டிப் பாத்தா வாயிலேயே நிக்காது. நான் தினம் பாக்கிறேன்."

அவர் பல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது எக்ஸ்ரேவுக்குத் தெரியாது. மகளுக்கு ஒரு வயதானபோது அவர் வேலைக்காக வேறு ஊருக்குப் போனார். நாலு வருடம் கழித்துப் பெட்டியோடு திரும்பி வந்து நின்றபோது, மகள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இவரு?" என்று கேட்டாள். அது நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. மகள் இப்போது அவர் தோளில் ஏறி உட்காருகிறாள். ஆனாலும் சினிமாவில் "சில ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்து விழுந்தால் போதும், எழுந்து வெளியே போய்விடுவார்.

படம் வெள்ளிக்கிழமை காலை வெளியாகிறது. முதல் காட்சிக்கு டிக்கெட்டும் கையில் இருந்தது. போக மட்டும் தைரியம் இல்லை. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. படம் பார்த்தவன் பார்க்காதவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, பார்க்காதவன் கேட்கவும் கூடாது என்று ரசிகர் குழுவில் சட்டம் போட்டதே அவர்தான். மீறினவனைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று கைதூக்கியதும் அவர்தான்.

அப்போதுதான் அவருக்கு மனைவியின் நினைவு வந்தது. அவள் எந்தக் குழுவிலும் இல்லை.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தற்காலிக வேலை. ஆனால் குரல் நிரந்தரம். அவள் சொன்னால் வராத பேருந்துகூட வந்து நிற்பதுபோல் இருக்கும். முதல் பாகத்துக்கு அவளை ஒரு தடவை கூட்டிப்போனார். நீலக்கவசன் முதல்முறை பறந்தபோது தூங்கியவள், வானத்துக் கதவு மூடிய சத்தத்தில்தான் விழித்தாள். படத்தின் மேல் பயமோ பக்தியோ இல்லாத ஆள். அவளை முன்னால் அனுப்பினால் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து வந்து சொல்லிவிடுவாள். மனதைத் தயார் செய்துகொண்டு பிறகு அவர் போகலாம்.

புதன்கிழமை சாயங்காலம் டிக்கெட்டை அவள் கையில் வைத்தார்.

"நீயும் எந்நேரமும் வேலை வேலைன்னு கிடக்கிற. வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு நிம்மதியா ஒரு படம் பாத்துட்டு வா."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தாள்.

"நீங்க வரலையா?"

"எனக்கு அன்னைக்கு மூணு தாடை அவசரமா முடிக்கணும்."

"ரெண்டு வருஷமா இந்தப் படத்துக்காக நாள் எண்ணிட்டிருந்தீங்களே."

"பொண்டாட்டிக்காக ஒரு படத்தை விட்டுக் குடுக்கக் கூடாதா?"

அவள் டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டுவிட்டாளே என்று பல்செட்டுக்காரருக்குத் தன் சாமர்த்தியத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் செய்த மூன்று தாடையில் இரண்டுக்கு மேல்வரிசை கீழும் கீழ்வரிசை மேலுமாகப் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு ஓடினார். மனைவி நல்ல புடவையில் இருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. நல்ல தெளிவா, கெட்ட தெளிவா?

"படம் எப்படி?"

"நல்லாத்தான் போச்சு."

"எடுத்ததும் என்ன காட்டுறாங்க?"

"சொல்றேன். தலை வலிக்குது. இன்னைக்கு நீங்க சோறு வெச்சிருங்களேன்."

"நானா?"

"ஒரு பங்கு அரிசி, ரெண்டு பங்கு தண்ணி. வாய்க்குள்ள வைக்கிற சாந்தையே அளந்து கலக்குறீங்க. இது வராதா?"

வந்தது. முதல் தடவை கஞ்சியாக வந்தது. அதையும் குடித்துவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மூன்றாம் நடைமேடையில் வண்டி வருவதைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"முதல்ல திரை கறுப்பா இருக்கு. அப்புறம் ஒரு வீடு. சமையலறை."

"அதே சமையலறையா?"

"சமையலறைன்னா சமையலறைதானே. கதவு மூடியிருக்கு."

"அப்புறம்?"

"தலை வலிக்குதுன்னு சொன்னேனே."

மறுநாள் மருத்துவமனைப் படிக்கட்டில் எக்ஸ்ரேவைப் பார்த்தார். எக்ஸ்ரே முந்தின சாயங்காலக் காட்சி பார்த்திருந்தார். கண் சிவந்திருந்தது. பல்செட்டுக்காரரைக் கண்டதும் தோளில் கை வைத்தார். நோயாளிகளின் படத்தை உறையில் போட்டுக் கொடுக்கும்போது வரும் முகம் அவருக்கு வந்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுண்ணே. நீங்களே போய்ப் பாத்துக்குங்க. தைரியமா இருங்க."

"தைரியமா இருக்கணும்ங்கிற மாதிரி என்ன இருக்கு?"

"சட்டம் நீங்க போட்டது." எக்ஸ்ரே படியேறிப் போய்விட்டார்.

அன்று முழுக்க பல்செட்டுக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி முன்னால் நின்றார்.

"அந்தச் சமையலறையில யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க. அந்த மூட்டைத் துணியைக் கொஞ்சம் மெஷின்ல போட்டு எடுங்க. சொல்றேன்."

அவர் துணியை மெஷினில் போட்டார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினார். வெள்ளைச் சட்டைகள் மூன்றும் ஈறு நிறத்தில் வெளியே வந்தன. அவள் கோபித்துக்கொள்ளாமல், வெள்ளைத் துணியை ஏன் தனியாகப் போட வேண்டும் என்று நிதானமாக விளக்கினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பொண்டாட்டி வர்றா."

"யாரு பொண்டாட்டி?"

"உங்காளு பொண்டாட்டிதான்."

"இன்னும் அவன் பொண்டாட்டிதானா? இன்ஸ்பெக்டர் யாரும் கூட இருந்தாரா?"

"இன்ஸ்பெக்டரா? ஒரு தொப்பி மாதிரி ஏதோ ஆணியில தொங்குச்சு."

பல்செட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "போலீஸ் தொப்பியா?"

"சரியாப் பாக்கல. நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்."

அந்தத் தொப்பி அவரை ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஆட்டிவைத்தது. தொப்பிக்காக அவர் காய்கறி வாங்கப் போனார். முற்றின வெண்டைக்காயை நுனி ஒடித்துக் கண்டுபிடிக்கக் கற்றார். முட்டை பொரிக்கக் கற்றார். கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். சாயங்காலம் அவள், "அது தொப்பி இல்லங்க, கரித்துணி," என்றாள். அவருக்கு உயிர் வந்தது. அந்த உயிரோடேயே பாத்திரத்தையும் தேய்த்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை மகளுக்கு ரெட்டைப் பின்னல். "நீங்க பின்னி விடுங்க, அந்தப் பொண்டாட்டிக்கு முடி நரைச்சிருந்துச்சா இல்லையான்னு சொல்றேன்," என்றாள் மனைவி. அரிசி அளவுப் பல்லை வரிசை பிசகாமல் அடுக்குகிற விரல்கள் அவருடையவை. ஆனால் பல் நகராது. மகள் நகர்ந்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயுமாக அவளைப் பள்ளிக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா," என்றாள். வாழ்நாளில் எந்தப் பல் மருத்துவரும் அவரை அப்படிப் பாராட்டியதில்லை.

"முடி கறுப்புத்தான்," என்றாள் மனைவி.

"சாயம் பூசியிருப்பாளோ?"

"இருக்கலாம்."

மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. முடியில் சாயம் பூசலாம். இன்ஸ்பெக்டரை ஒளித்து வைக்கலாம். ஒளிக்க முடியாதது ஒன்றுதான். அன்று இரவுச் சாப்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டே, கரண்டியும் கையுமாக அவர் கேட்டுவிட்டார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தக் குழந்தை. கைக்குழந்தை. அது அந்தச் சமையலறைக்குள்ள வந்துச்சா?"

"வந்துச்சு."

"தவழ்ந்து வந்துச்சா, நடந்து வந்துச்சா?"

அவள் நீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம். நீங்க போயிட்டு வாங்க. வந்ததும் சொல்றேன்."

அவர் போனார். துவைத்துத் தேய்த்த சட்டை, அதுவும் அவரே துவைத்தது. நாலாம் வகுப்பு வாசலில் போய் நின்று மகள் பெயரைச் சொன்னார். ஆசிரியை பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். பிள்ளை காணாமல் போய்விட்டாள் என்றே பல்செட்டுக்காரர் நினைத்துவிட்டார். வராந்தாவில் ஓடினார். அடுத்த கட்டடத்தின் ஜன்னல் வழியே ஒரு தலை எட்டிப் பார்த்தது. ரெட்டைப் பின்னல், ஒரே உயரம்.

"அப்பா, இங்க. நான் அஞ்சாவதுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு."

அந்தக் கூட்டத்தில் ஆசிரியை சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கதவுக்குள்ளும் பாயாமல், தினமும் இதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபடியே தனக்கு ஒரு வருடம் எப்படித் தாவியது என்று அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தவழ்ந்துதான் வந்துச்சு," என்றாள். குரல் மட்டும் அறிவிப்பாளர் குரலாக இல்லை.

"நிஜமாவா?"

"மறுநாள் காலையில இருந்துதான் கதை. ஒரு வருஷமும் தாவல. பயப்படாமப் போய்ப் பாத்துட்டு வாங்க."

பல்செட்டுக்காரர் அன்று பாத்திரம் துலக்கும்போது பாடினார்.

சனிக்கிழமை காலைக் காட்சி. நடுவரிசை. அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் நகம் கடித்துக்கொண்டிருந்தார். பாவம், விஷயம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டார். திரை கறுப்பாக இருந்தது. மனைவி சொன்னது சரி. சமையலறை வந்தது. அதுவும் சரி. கதவு மூடியிருந்தது. வாசற்படியில் காலடிச் சத்தம்.

தவழ்கிற குழந்தைக்குக் காலடிச் சத்தம் இருக்காதே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றி முடிவதற்குள் ஒரு பெண் உள்ளே நடந்து வந்தாள். வயது பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும். திரையின் கீழே வெள்ளை எழுத்து விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

பல்செட்டுக்காரர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அதை இறக்கவே இல்லை. வானத்துக் கதவு திறந்து நீலக்கவசன் வீட்டு வாசலில் வந்து நின்றான். காதோரம் நரை. மகள் கதவைத் திறந்து, "யார் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். அரங்கமே மூச்சு விடாமல் இருந்தது. பல்செட்டுக்காரர் மட்டும் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டிருந்தார். பயந்தது அதற்காக அல்ல என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக ஊரைக் காத்தது நீலக்கவசத்தை மாட்டிக்கொண்ட அவன் மனைவி. அவன் வாங்கி மாட்டிப் பார்த்தான். கவசம் அவனுக்குப் பொருந்தவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். எப்படிக் கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். கதவைத் தள்ளினார். செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். அரிசியை அளந்து களைந்து அடுப்பில் வைத்தார். பிறகு முன்னறைக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தவழ்ந்து வந்துச்சுன்னு சொன்ன."

"ஆமா."

"பன்னெண்டு வயசுப் பொண்ணு எந்த ஊர்ல தவழுது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் படமே பாக்கலையே."

அப்போதுதான் அவர் கவனித்தார். அவளுக்குப் பக்கத்தில் கட்டிலின் மேல் ஒரு பெட்டி திறந்திருந்தது. பாதி துணி அடுக்கியிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கலையா? அப்ப அன்னைக்கு லீவு போட்டுட்டு எங்க போன?"

"ரயில்வேல இன்டர்வியூ. நிரந்தர வேலை. அன்னைக்கு என்ன சொல்லிட்டுக் கிளம்புறதுன்னு ஒரு வாரமா யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே ஒரு டிக்கெட்டைக் கொண்டுவந்து கையில வெச்சீங்க." அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். "புதன்கிழமை வந்துச்சு. திங்கட்கிழமை கிளம்பணும். தலைமை அலுவலகத்துல மூணு மாசம் பயிற்சி."

பல்செட்டுக்காரர் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"அந்த டிக்கெட்?"

"கூட வேலை பாக்கிறவளுக்குக் குடுத்தேன். அவ கதையைச் சொல்ல வந்தா. வேண்டாம்னுட்டேன். தெரிஞ்சுக்கிட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. கறுப்புத் திரை போன படத்துல பாத்தது, சமையலறை நம்ம வீட்டுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மூணு மாசம் எப்படிச் சமாளிக்கிறதுன்னு பயந்திருப்பீங்க. பயந்து பயந்து ஒரு வேலையும் கத்துக்கிட்டிருக்க மாட்டீங்க. படத்துக்குப் பயந்தீங்க. ஒரே வாரத்துல எல்லாம் வந்துருச்சு."

சோறு, துணி, வெண்டைக்காய், கேஸ்காரர் எண், பின்னல், பள்ளிக்கூடம். பல்செட்டுக்காரர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. தான் நாலு வருடம் வேறு ஊரில் இருந்தபோது இதையெல்லாம் இவள் யார் சொல்லிக்கொடுத்துச் செய்தாள் என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

"மூணு மாசம் ரொம்ப நாள்," என்றார் கடைசியில். "நீ திரும்பி வர்றதுக்குள்ள பாப்பா வளந்துருவா. நடுவுல என்னென்னவோ மாறிடும். நீ வந்து நிக்கிறப்ப..."

"சனி ஞாயிறு வந்துருவேங்க. ரயில்வேக்காரிக்கு ரயில் கிடைக்காதா?"

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அனுமதி, ஆலோசனை, குடும்பத் தலைவர் என்று சில நல்ல வார்த்தைகளை மனதுக்குள் தயாராக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தினார்.

மகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அடுப்புல ஏதோ அடிபிடிக்குது."

பல்செட்டுக்காரர் வழக்கம்போல் மனைவியைப் பார்த்தார். மனைவி பெட்டியின் ஜிப்பை நிதானமாக இழுத்து மூடினாள்.

"அம்மாவை இல்லப்பா," என்றாள் மகள். "உங்களைத்தான் சொன்னேன்."